‘ஏ’யும் ‘இஸட்’டும்: பொய்ப் புகார் என்கிற சட்டப் பிரதியை வாசிக்கும்போது

குருசுக்குப்பத்தில் எங்கள் தெருப் பக்கம் மனு எழுத வேண்டுமென்றால் என்னைத் தேடி வருவார்கள். முதியோர் பென்ஷன், தடைக்கால நிவாரணம், பட்டா, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது என்று இருபது வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போலீசுக்கு எதிராக எழுதச் சொல்லி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன வருடம் அப்படி ஓர் அம்மா வந்தார். மீன்கூடை சுமந்து விற்பவர். அவருடைய மகனை ஒரு காவல் நிலையத்தில் (எது என்பது இங்கு வேண்டாம்) ஓர் இரவு முழுக்க வைத்திருந்து அடித்து அனுப்பியிருக்கிறார்கள். வழக்கு இல்லை, கைது இல்லை, காகிதம் எதுவும் இல்லை. பையனுக்கு உள்ளங்காலை ஊன்ற முடியவில்லை. அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

“தம்பி, நெசத்தச் சொல்லு. நான் எழுதிக் குடுத்து அது நிக்காமப் போச்சின்னா என்னியப் புடிச்சி உள்ள போட்ருவாங்களா? அங்க ஒரு ஏட்டு சொல்றாரு, பொய்ப் புகாருக்கு ரெண்டு வருசமாம்.”

ஏட்டு சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் பிரதிகளை வாசிக்கத் தெரியும் என்று இம்மாதிரிப் பத்திரிகைகளில் வருடக்கணக்காக எழுதி வருகிறவன். கவிதையையும் கதையையும் அதிகாரத்தின் சொல்லாடல் என்று பிரித்துப் போடுகிற நாம், நேரடியாகவே அதிகாரத்தின் சொல்லாக இருக்கிற தண்டனைச் சட்டத்தை வக்கீல்களுக்கு மட்டும் விட்டுவைத்திருப்பது ஏன் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லும் முன் சட்டப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாசித்தேன்.

இந்திய தண்டனைச் சட்டத்தை வாசித்தவர்களுக்கு ஒன்று தெரியும். மெக்காலே அதைக் கட்டமைத்தபோது பிரிவுகளுக்கு அடியில் குட்டிக்குட்டிக் கதைகளை வைத்தார். ‘ஏ’ என்றொருவன், ‘இஸட்’ என்றொருவன். சாதி கிடையாது, ஊர் கிடையாது, வயது கிடையாது. பெரும்பாலும் ஏ செய்கிறவன், இஸட் அனுபவிக்கிறவன். நம் நவீனச் சிறுகதையாசிரியர்கள் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்காமல் ‘அவன்’, ‘இவன்’ என்று எழுதத் தொடங்கியதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது.

182ஆம் பிரிவு, அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தருவது பற்றியது. அதன் முதல் கதை இது. ஏ என்பவன் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் போகிறான். அவருக்குக் கீழே இருக்கிற இஸட் என்கிற போலீஸ் அதிகாரி கடமை தவறினார் அல்லது முறைகேடாக நடந்துகொண்டார் என்று, பொய் எனத் தெரிந்தே சொல்கிறான். அதனால் இஸட்டின் வேலை போய்விடலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். ஏ குற்றவாளி. அரசு ஊழியரிடம் பொய் சொல்ல எத்தனையோ விஷயங்கள் உண்டு. வரி, நிலம், வயது, ஜாதிச் சான்று. ஆனால் சட்டத்தின் மனசில் முதலில் வந்து நிற்கிற பொய்யன் போலீஸ்காரர் மேல் புகார் சொல்கிறவன்தான்.

அதே புத்தகத்தில் 330ஆம் பிரிவு, வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது பற்றியது. அங்கேயும் முதல் கதையில் போலீஸ் வருகிறார். இம்முறை அவர் ஏ. இஸட்டைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகச் சித்திரவதை செய்கிறார். ஏ குற்றவாளி. எவ்வளவு நேர்மையான கதை! எந்த நாட்டுச் சட்டம் தன் சித்திரவதைக்காரனுக்கு இப்படிப் பட்டவர்த்தனமாக போலீஸ் உடுப்பு மாட்டி விட்டிருக்கிறது?

ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 330இல் அடி வாங்கிய இஸட் எழுந்து, நொண்டிக்கொண்டே மாஜிஸ்திரேட்டிடம் போய் வாய் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வாய் திறந்த அந்தக் கணத்தில் அவன் 182இன் ஏ ஆகிவிடக்கூடும். அவனை அடித்தவர் இஸட் ஆகிவிடுவார், அதாவது பாதிக்கப்பட்டவர். அடிபட்டவன் போய்ச் சொன்னான், நம்பப்பட்டான் என்கிற மூன்றாவது கதை இந்த இரண்டு பிரிவுகளில் எதிலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 217, 120 என்று எண் மாறின. கதைகள் அப்படியே இருக்கின்றன. காலனியச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று சொன்னவர்கள் மெக்காலேயின் இந்த இரண்டு கதைகளில் கைவைக்கவில்லை.

இந்தக் கதைகள் ஆகாயத்திலிருந்து வந்தவை அல்ல. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் சித்திரவதை நடப்பதாகக் கூச்சல் கிளம்பியபோது கம்பெனி அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது; 1855இல் அறிக்கை வந்தது. நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்து குடியானவர்கள் சாட்சி சொன்னார்கள். சித்திரவதை உண்டு என்று குழு ஒப்புக்கொண்டது. சித்திரவதைக்கு நியாயம் கிடைப்பதில் இருக்கிற கஷ்டம்தான் தங்களை அதிகம் வருத்தியதாகவும் எழுதியது. அதை வைத்து மார்க்ஸ் 1857இல் ‘நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்’ இதழில் கட்டுரை எழுதினார். பிறகு 1860இல் தண்டனைச் சட்டம், 1861இல் போலீஸ் சட்டம். 1872இன் சாட்சியச் சட்டமோ போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக ஏற்கக் கூடாது என்றது. ஆக, இந்தச் சட்டத்துக்கே தன் போலீஸ் மேல் நம்பிக்கை கிடையாது. போலீஸ் மேல் புகார் சொல்கிறவன் மேலும் நம்பிக்கை கிடையாது. இரண்டாவது அவநம்பிக்கைக்கு மட்டும் சிறைத் தண்டனை வைத்தார்கள்.

சரி, ஏட்டு சொன்ன இரண்டு வருடம்? அது 211. ஒருவருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு, நியாயமான ஆதாரம் இல்லை என்று தெரிந்தே பொய்க் குற்றச்சாட்டு சுமத்துவது. பழைய சட்டத்தில் இரண்டு வருடம், சுமத்திய குற்றம் பெரிதாக இருந்தால் ஏழு. புதிய சட்டத்தில் 248ஆம் பிரிவு. ஐந்து வருடம் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், பெரிய குற்றச்சாட்டாக இருந்தால் பத்து வருடம் வரை. 182க்கு ஆறு மாதம் என்றிருந்தது 217இல் ஒரு வருடம் ஆகிவிட்டது. ஆயிரம் ரூபாய் அபராதம் பத்தாயிரம் ஆகிவிட்டது.

ஆனால் ‘தெரிந்தே’ என்கிற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதுதான் பிரிவின் உயிர். நிரூபிக்க முடியாமல் போன புகார் வேறு, பொய் எனத் தெரிந்தே கொடுத்த புகார் வேறு. அந்த ‘தெரிந்தே’யை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். 182இன் கீழ் நினைத்தவரெல்லாம் வழக்குப் போடவும் முடியாது. யாரிடம் பொய் சொல்லப்பட்டதோ அந்த அதிகாரியோ அவருக்கு மேலே இருப்பவரோ எழுத்தில் நீதிமன்றத்துக்குப் புகார் தர வேண்டும். அப்படி இல்லாமல் நடந்த வழக்கை தௌலத் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962லேயே செல்லாது என்று தள்ளியிருக்கிறது. அவதூறுச் சட்டத்திலும்கூட, உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு புகார் தருவது விதிவிலக்கு. எழுத்தில் பார்த்தால் அந்த அம்மா பயப்பட ஒன்றுமே இல்லை.

பயப்பட வேண்டியது எழுத்துக்கு வெளியே இருக்கிறது. போலீஸ் மேல் கொடுத்த புகாரைப் பெரும்பாலும் விசாரிப்பது போலீஸ். ‘முகாந்திரம் இல்லை’ என்று முடிப்பது போலீஸ். நிரூபிக்கப்படாததற்கும் பொய்க்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை முதலில் தீர்மானிக்கிறவர் குற்றம் சாட்டப்பட்டவரின் சகா. அதனால்தான் இந்தப் பிரிவுகள் வழக்காக மாறுவதற்கு முன்பே வேலை செய்து முடித்துவிடுகின்றன. ஏட்டு அதைக் கோர்ட்டில் சொல்லவில்லை; ஸ்டேஷன் வாசலில், சாதாரணமாக, கிட்டத்தட்ட அனுதாபத்தோடு சொன்னார். அது போதும்.

நம் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது. புதுச்சேரிக்கு இந்தத் தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் 1இல்தான் வந்தது. அதுவரை 1810இன் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். அதன் 373ஆம் பிரிவு, எழுத்து மூலமாக நீதித்துறை அதிகாரியிடமோ போலீசிடமோ ஒருவர் மேல் அவதூறான குற்றச்சாட்டு கொடுத்தால் ஒரு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்றது. டெனோன்சியாசியோன் கலோம்னியூஸ். எழுத்து மூலமாக என்பதைப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பொய் சொல்ல முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ!

1912 வாக்கில் நடந்தது. பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் எல்லோரும் இங்கே. அவர்களைச் சுற்றி பிரிட்டிஷ் உளவாளிகள். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு தகரப் பெட்டியை யாரோ போட்டுவிட்டார்கள். தண்ணீர் இறைத்த வேலைக்காரப் பெண்ணின் வாளியில் அது மேலே வந்தது. உள்ளே ராஜத்துரோகப் பிரசுரங்கள், காளி படம், வங்காளி எழுத்து. அவர்களே பிரெஞ்சுப் போலீசைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். மயூரேசன் என்கிற ஆள் இவர்கள் மேல் புகார் கொடுத்திருந்தான். நாந்தோ என்கிற விசாரணை நீதிபதி வீடுகளைச் சோதனை போட வந்தார். அரவிந்தர் வீட்டில் லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டுப் போனார். சந்தேகம் மரியாதையாக மாறிவிட்டது. எதிர்வழக்குக்குப் பயந்து மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்கு ஓடிப்போனதாக அரவிந்தரின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

நான் அறிந்தவரை, பொய்ப் புகார்ச் சட்டம் அது போக வேண்டிய திசையில் பாய்ந்ததாக இந்த ஊரில் சொல்லப்படுகிற கதை இது ஒன்றுதான். போலீஸ் தரப்பு ஜோடித்த பொய்க்கு எதிராக அது திரும்பியது. சந்தோஷம்தான். ஆனால் எதனால் திரும்பியது? நாந்தோவுக்கு உண்மை தெரிந்ததாலா, லத்தீன் தெரிந்ததாலா? பெட்டியை முதலில் கண்டது அந்த வேலைக்காரப் பெண். சரித்திரத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. ஐயரும் அரவிந்தரும் இல்லாத, லத்தீன் இல்லாத ஒரு குப்பத்து வீட்டுக் கிணற்றில் அந்தப் பெட்டி கிடந்து, அவள் மட்டும் போய் “யாரோ போட்டுட்டாங்க சாமி” என்று சொல்லியிருந்தால் நாந்தோ துரை என்ன எழுதியிருப்பார்? நம்பகத்தன்மை என்பது சொல்லில் இருக்கிற குணம் அல்ல. அது சொல்கிறவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கிற, அல்லது மறுக்கப்பட்டிருக்கிற இடம்.

மதுரா வழக்கை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் வைத்து வல்லுறவுக்கு ஆளான ஆதிவாசிப் பெண். செஷன்ஸ் கோர்ட் அவளை அதிர்ச்சி தரும் பொய்காரி என்றே எழுதியது. உயர் நீதிமன்றம் தண்டித்த போலீஸ்காரர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லையாம். அவள் மேல் 211 போடப்படவில்லை. போடத் தேவையுமில்லை, தீர்ப்பே அந்த வேலையைச் செய்துவிட்டது. உபேந்திர பக்ஷி உள்ளிட்ட நான்கு பேராசிரியர்களின் 1979 பகிரங்கக் கடிதம், பெண்கள் இயக்கத்தின் போராட்டம் எல்லாம் சேர்ந்து 1983இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வல்லுறவு வழக்கில் உடலுறவு நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு தொடங்க வேண்டும் என்றாகியது. மூன்றாவது கதைக்கு ஒரு வரி கிடைத்தது.

அடிக்கும் சாவுக்கும் அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை. உத்தரப் பிரதேசத்து விவசாயி பிரிஜ்லால், மாடு மேய்ந்த தகராறில் ஒரு போலீஸ்காரர் 100 ரூபாய் லஞ்சம் கேட்டதாக மேலதிகாரிக்குப் புகார் கொடுத்தார். 1969இல் பிடித்துப் போனார்கள், அடியில் செத்துப்போனார். சாகும் முன் யார் அடித்தது என்று சொன்ன வாக்குமூலம்தான் வழக்கைக் காப்பாற்றியது. 1985இல் ராம் சாகர் யாதவ் வழக்கில் தண்டனையை மீண்டும் நிலைநாட்டிய உச்ச நீதிமன்றம், காவலில் நடப்பதற்குப் போலீசைத் தவிர வேறு சாட்சி ஏது, நிரூபிக்கும் பொறுப்பை மாற்ற வேண்டாமா என்று கேட்டது. அதே வருடம் சட்ட ஆணையத்தின் 113ஆவது அறிக்கை அப்படியொரு பிரிவைப் பரிந்துரைத்தது. நாற்பது வருடம் ஆகிவிட்டது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இல்லை.

வாச்சாத்திக்கு வருகிறேன். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலையடிவார ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவு செய்யப்பட்டார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன, ஊரே ஜெயிலுக்குப் போனது. வழக்கு இருந்தது அந்த மக்கள் மேல்தான். முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போன மனு, பொறுப்புள்ள அதிகாரிகள் இப்படிச் செய்திருப்பார்கள் என்பதை நம்புவது கஷ்டம் என்கிற தொனியில் தள்ளப்பட்டது. அந்த ‘நம்புவது கஷ்டம்’தான் நான் சொல்ல வருவது. பிறகு சி.பி.ஐ. விசாரணை. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக மிச்சமிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் அதே செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது வருடம். அத்தனை வருடமும் அந்தப் பெண்களின் சொல் அரசுக் காகிதத்தில் ‘நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு’. இடையில் எவராவது ஓர் அதிகாரி பேனாவைத் திறந்து இது பொய்ப் புகார் என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மலையாளி ஆதிவாசிப் பெண்கள், லத்தீன் தெரியாது.

வாச்சாத்தி நடந்து ஐந்தாவது நாள், 1992 ஜூன் 25இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஐஸ்லாந்து எழுத்தாளர் தோர்கெய்ர் தோர்கெய்ர்சன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. போலீஸ் அடாவடி பற்றி 1983இல் இரண்டு கட்டுரை எழுதினார். பேர் தெரியாத போலீஸ்காரர்களை அவதூறு செய்தார் என்று அவருக்கு அபராதம். ஊர் பேசுவதை எடுத்து எழுதிய ஒருவரிடம் அதையெல்லாம் உண்மை என்று நிரூபி என்று கேட்பது நியாயமில்லை என்றது ஐரோப்பிய நீதிமன்றம். மனு எழுதுகிறவன் என்கிற முறையில் எனக்கு இது சொந்த விஷயம். காலிஃபோர்னியாவில் 1995இல் நேர் எதிராக ஒன்று செய்தார்கள்: போலீஸ் மேல் தெரிந்தே பொய்ப் புகார் தருவது தனிக் குற்றம், அந்த எச்சரிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே புகார் தர வேண்டும். 2005இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே விசாரணையில் போலீசுக்கு ஆதரவாகச் சொல்கிற பொய்க்கு இந்தத் தண்டனை இல்லையே என்பது காரணம்.

நம் ஊரில் போலீசுக்கு ஆதரவான பொய்க்குப் பிரிவே இல்லையா? உண்டு. பொய் ஆவணம் தயாரிக்கிற அரசு ஊழியருக்கு 218, மூன்று வருடம். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது, கடைத் தெரு கேமரா வேறு சொன்னது. இரண்டு உயிர் போய், ஊர் திரண்டு, உயர் நீதிமன்றம் தானாகத் தலையிட்ட பிறகே அந்த எஃப்.ஐ.ஆரைப் பொய் என்று சொல்ல முடிந்தது. ஓர் எஃப்.ஐ.ஆர். பொய் என்று சொல்ல இவ்வளவு வேண்டியிருக்கிறது. கூடைக்காரியின் மனு பொய் என்று சொல்ல ஓர் ஏட்டு போதும்.

தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். பொய்ப் புகார்கள் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு கான்ஸ்டபிள் குடும்பம் இருக்கிறது. அவர் மேல் யாரோ பழைய பகையில் மனு போட்டு, அவர் மாதக்கணக்கில் சம்பளம் குறைந்து வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கீழ்மட்டப் போலீஸ்காரனை மேலதிகாரிகள் பலி கொடுப்பதற்கும் இதே மனுக்கள் பயன்படுகின்றன. தெரிந்தே செய்த பொய்க்குத் தண்டனை இருக்கட்டும். அது பொய் என்று தீர்மானிக்கும் இடத்தில் போலீஸ் உட்காரக் கூடாது என்பதுதான் பிரச்சினை. புதிய நடைமுறைச் சட்டம் 175(4)ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. பணியின்போது செய்ததாக ஓர் அரசு ஊழியர் மேல் மாஜிஸ்திரேட்டிடம் புகார் போனால், விசாரிக்கச் சொல்லும் முன் மேலதிகாரியின் அறிக்கையை வாங்க வேண்டும். அந்த ஊழியர் தரப்பு என்ன என்றும் பார்க்க வேண்டும். புகார் சொன்னவர் பிரமாணப் பத்திரம் கொடுத்துத் தன்னைத் தண்டனைக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும். ஒருத்தர் உயிரைப் பணயம் வைத்துப் பேச வேண்டும், இன்னொருத்தர் ஆபீஸ் தாளில் பேசலாம்.

அன்றைக்கு நான் எழுதிய மனுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவ்வளவையும் படித்துவிட்டு, அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘என் மகனை அடித்தார்கள்’ என்று அவர் சொன்னதை ‘என் மகன் தாக்கப்பட்டதாகத் தெரிய வருகிறது’ என்று எழுதியிருந்தேன். யோசித்து எழுதியதில்லை. கை தானாக எழுதியது. 182 என் கைக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. செயப்பாட்டு வினை, ‘கூறப்படுகிறது’, ‘தெரிய வருகிறது’ இதெல்லாம் நடுநிலைமை என்று நினைத்துக்கொண்டு நாம் எழுதுகிற பத்திரிகைத் தமிழ், பயத்தின் இலக்கணம்.

படித்துக் காட்டினேன். அந்த அம்மா நிறுத்தினார்.

“தெரிய வருதா? இன்னா தம்பி இது, யாருக்குத் தெரிய வருது? ராத்திரி பூரா நான் வாசல்ல உக்காந்திருந்தேன். அவன் கத்துனது என் காதுல வுழுந்திச்சி. அத எழுது.”

அடித்துவிட்டு எழுதினேன். காதில் விழுந்தது என்றே எழுதினேன். நேரம், எந்தப் பக்கத்து ஜன்னல், மறுநாள் ஆஸ்பத்திரிச் சீட்டின் தேதி எல்லாம் சேர்த்தோம். மேலதிகாரிக்கு ஒன்று, மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று என்று ரெண்டு நகல், ரெண்டும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். “பேரு போடறியா?” என்று கேட்டார். எழுதியவர் என்று கீழே என் பேரும் விலாசமும் போட்டேன்.

ஒப்புகை அட்டைகள் ரெண்டும் திரும்பி வந்தன. ஒரு நாள் விசாரணைக்கு என்று கூப்பிட்டு அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். மேலதிகாரி அறிக்கை இன்னும் வரவில்லை என்று கடைசியாகச் சொன்னார்கள். பையன் இப்போது காலை ஊன்றுகிறான், படகுக்குப் போகிறான். அந்த அம்மா கூடையோடு என் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் “இன்னா தம்பி, வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.